ரோபோ டீமுக்குப் படம் எடுத்த வேலை: டியூப் லைட், ஐ.ஆர் சென்சர், சி.ஆர் கொப்பி

போன முறை போட்டிக்குக் கட்டின ரோபோவக் கழட்டி மோட்டரெல்லாம் வேற வேலைக்கு எடுத்தாச்சு. இந்த வருசம் புதுசாச் சேந்த புள்ளயள் "அக்கா அத எப்பிடி வயர் பண்ணின, சென்சர் நிலத்துல இருந்து எவ்வளவு உயரத்துல நிண்டது" எண்டு கேட்டா, காட்டுறதுக்கு எங்கட பள்ளிக்கூட ரோபோ கிளப்ல இருந்தது கப்போட வரிசையா நிண்டு எடுத்த படம் மட்டும்தான், அதுலயும் ரோபோ ஒரு பொடியன்ட கைக்குள்ள பாதி மறைஞ்சு கிடக்கு. அதால இந்த முறை சேரோட கதைச்சு ஒரு முடிவு எடுத்தம். புரோகிராம் எழுத ஆள் இருக்கு, மெக்கானிக்கல் பாக்க ஆள் இருக்கு, அதே மாதிரி படம் எடுக்கவும் ஆள் வேணும், நேரம் கிடைச்சா செய்ற வேலையா இல்லாம டீம்ல ஒரு பொறுப்பா.

நான் ஏ.எல் எழுதிட்டு றிசல்ட் பாத்துக்கொண்டு இருக்கிறன், பின்னேரத்துல போய் புள்ளயளுக்குச் சொல்லிக் குடுக்கிற வேலைதான் என்ட. படம் எடுத்தது அவங்கதான், ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒராளும் பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒராளும். மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் வேற பள்ளிக்கூடங்கள்லயும் ரோபோ செய்ற புள்ளயள் இருக்கிறாங்க, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துல நடக்கிற ஸ்ரீலங்கன் ரோபோட்டிக்ஸ் சலஞ்ச், எஸ்.எல்.ஐ.ஐ.டி (இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம்) செய்ற ரோபோஃபெஸ்ட் மாதிரிப் போட்டியில எல்லாம் பள்ளிக்கூடப் பிரிவு இருக்கு, அதுக்கு ஆயத்தமாகிற ஆக்களுக்கு இது உதவும் எண்டுதான் விபரமா எழுதுறன்.

கமரா காத்தான்குடியில இருந்து வந்தது. அங்க ஸ்டூடியோ வெச்சிருக்கிற நானா ஒருத்தர் தம்பிட சொந்தக்காரர், அவர் தன்ட பழைய கெனன் 1300டி-ய, கமராவோட சேந்து வாற கிட் லென்ஸோடயும் 50 எம்.எம் 1.8 லென்ஸோடயும் தந்தார். "கலியாண வீட்டுக்கு இப்ப நான் இதக் கொண்டு போறல்ல, புள்ளயள் பழகட்டும், கடக்கரைக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க" எண்டு சொன்னார். 18 மெகாபிக்சல், செக்கனுக்கு 3 படம், ஃபோகஸ் புள்ளி 9. பழசுதான், ஆனா பள்ளிக்கூட டீம் ஒண்டுக்கு இது தாராளமாக் காணும், புதுக் கமரா வாங்கக் காசு சேக்கிறத விட அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல மோட்டர் வாங்குங்க எண்டுதான் நான் சொல்லுவன். மத்தது போன். சேர்ட போன்ல செக்கனுக்கு 240 ஃப்ரேம் எடுக்கிற ஸ்லோமோ இருக்கு, அது செஞ்ச உதவியப் பின்னால சொல்றன்.

முதல்ல செஞ்சது ஒரு ஸ்டாண்ட், வேலை மேசைக்கு நேர மேல இருந்து கீழ பாத்து எடுக்க. அரை இஞ்சி பி.வி.சி பைப்ப அரை மீற்றர் அரை மீற்றரா வெட்டி நாலு கால், மேல மூண்டு வழி எல்போ போட்டுச் சதுரம், காலுக்குக் கீழ ஆடாம இருக்க டி வடிவ இணைப்பும் துண்டுப் பைப்பும். பசை போடல, சும்மா இறுக்கித் தள்ளினதுதான், கழட்டி பேக்குக்குள்ள வைக்கலாம். சதுரத்துக்கு மேல ரோபோட சேசிஸ் (அடித்தட்டு) வெட்டி மிஞ்சின 3 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் பலகைத் துண்டு, அதுல போன்ட லென்ஸ் பாக்கிற அளவுக்கு ஒரு ஓட்டை. போனப் படுக்க வெச்சா லென்ஸ் நேர கீழ பாக்கும். மேசையில ரோபோ நிக்க வேண்டிய இடத்த நாலு மூலைக்கும் இன்சுலேசன் டேப் ஒட்டி அடையாளம் வெச்சம், பக்கத்துல ஒரு இரும்பு அடிமட்டம் எப்பவும் கிடக்கும். இதால வந்த நன்மை என்னண்டா ஒவ்வொரு பின்னேரமும் எடுக்கிற படம் ஒரே இடத்துல ஒரே அளவுல விழுது, போன்ல ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தள்ளிப் பாத்தா ரோபோ தானா வளந்து வாற மாதிரித் தெரியும், அடிமட்டம் பக்கத்துல இருக்கிறதால எந்தத் துளை எங்க போட்டது எண்டு படத்துல இருந்தே அளக்கலாம். அளக்கேக்க ஒரு விசயம் கவனிக்கோணும், அடிமட்டம் மேசையில கிடக்கு, சேசிஸ் அத விட உயரத்துல கமராவுக்குக் கிட்ட நிக்குது, அப்ப சேசிஸ் கொஞ்சம் பெரிசாத் தெரியும், அதுக்கு அடிமட்டத்தையும் ரெண்டு மரக்கட்டைக்கு மேல தூக்கி அதே உயரத்துல வெச்சம்.

மறுகா ஒரு சட்டம் வெச்சம், கழட்ட முன்னம் ஒரு படம், பூட்டின பிறகு ஒரு படம். பிரிஸ்டல் போட் துண்டுல அண்டைய திகதியும் என்ன மாத்தினது எண்டும் மார்க்கரால எழுதி ரோபோவுக்குப் பக்கத்துல வெச்சுத்தான் எடுக்கோணும். தொடக்கத்துல மெக்கானிக்கல் பொடியனுகளுக்கு இது பிடிக்கல, ஸ்குரூட்ரைவரக் கையில எடுத்தா நிப்பாட்டி "பொறுங்க படம் எடுக்கோணும்" எண்டா கோவம் வரும்தானே. ஆனா தங்கச்சி விடல. மோட்டர் பிராக்கட் உடைஞ்ச நேரமும் உடைஞ்ச துண்ட அப்பிடியே வெச்சு எடுத்தா, எங்க இருந்து வெடிப்புத் தொடங்கினது எண்டு கிட்ட வெச்சு எடுத்த படத்துல வடிவாத் தெரிஞ்சது, ஸ்குரூ ஓட்டை விளிம்புக்கு ஆகலும் கிட்ட. அடுத்த பிராக்கட்ல ஓட்டைய உள்ளுக்குத் தள்ளிப் போட்டாங்க. அதுக்குப் பிறகு அவ சொல்லாமலே பொடியனுகள் கூப்பிடத் தொடங்கிட்டாங்க.

வயரிங் எடுக்கிறதுக்கு மேல இருந்து ஒரு படம் காணாது. ஒரு வயருக்கு மேல இன்னொரு வயர் போற இடத்துல எது எங்க போகுதெண்டு தெரியாது. அதுக்கு கிட் லென்ஸ 55 எம்.எம்-ல வெச்சு, எஃப் 8-ல (எஃப் இலக்கம் கூடினா லென்ஸ் திறப்புச் சின்னதாகும், முன்னும் பின்னும் தெளிவா விழும்), கமராவப் புத்தக அடுக்குல ஆடாம வெச்சு செல்ஃப் டைமர்ல, நாலு பக்கத்துல இருந்தும் சாய்வா ஒவ்வொரு படம். எஃப் 1.8-ல எடுத்தா பின்னுக்கு மங்கி வடிவா இருக்கும், ஆனா மோட்டர் டிரைவர்ட (மோட்டர ஓட்டுற போர்ட்) முன் வரிசைக் கம்பி முனை தெளிவா இருந்தா பின்னுக்கு இருக்கிற வரிசை தெரியாது, இதுக்கு வடிவு தேவையில்ல, எல்லாம் தெரியோணும். இன்னொண்டும் நடந்தது. படம் எடுக்கத் தொடங்கின பிறகு வயர் கட்டுற முறையே மாறிட்டு. படத்தப் பெரிசாக்கிப் பாக்கேக்க சிக்கல் அவங்கட கண்ணுக்கே தெரியுதுதானே, சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், இடது மோட்டருக்கு மஞ்சளும் பச்சையும், வலது மோட்டருக்கு நீலமும் வெள்ளையும் எண்டு அவங்களே ஒரு ஒழுங்கு கொண்டு வந்தாங்க. நான் சொல்லிச் செய்யல.

அடுத்த சோலி லைட்டால வந்தது. எங்கட வேலை நடக்கிறது பழைய சயன்ஸ் லாப்ல, மேல முழுக்க சோக் போட்ட டியூப் லைட். தம்பி ரோபோ ஓடுறத 1/500 ஷட்டர் ஸ்பீட்ல (ஒரு செக்கன்ட 500-ல ஒரு பங்கு நேரம் திறந்து மூடுறது) எடுத்தா ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, இன்னொண்டுல மேல் பாதி ஒரு நிறம் கீழ் பாதி வேற நிறம். கமரா பழுதாப் போயிட்டு, நானாக்கு என்ன சொல்ற எண்டு முகம் வாடிப் போனான். கமராவுல ஒரு பழுதும் இல்ல. நம்மட வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுத்து, ஒவ்வொரு சுத்திலயும் வெளிச்சம் ரெண்டு தரம் கூடிக் குறையும், அப்ப செக்கனுக்கு 100 தரம் டியூப் மினுங்குது, கண்ணுக்குத் தெரியாது, 1/500-ல திறந்து மூடுற ஷட்டருக்குத் தெரியும். 1/100 வெச்சா ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள்ள வந்திரும், 1/50 வெச்சா ரெண்டு வந்திரும், எல்லாப் படமும் ஒரே வெளிச்சமா விழும். மலிவு எல்.இ.டி பல்ப் கனக்கவும் இதே மாதிரித்தான். போன்ல எடுக்கிற ஆக்கள் ப்ரோ மோட்ல போய் 1/100 வைங்க, வீடியோ செட்டிங்ல ஆன்டி ஃப்ளிக்கர் எண்டு இருந்தா 50 ஹெர்ட்ஸத் தெரிவு செய்ங்க.

ஆனா 1/100 வெச்சா மறுபக்கம் இடிக்குது. ரோபோ செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடுது எண்டு வைங்க, 1/100 செக்கனுக்குள்ள அது ஒரு சென்ரிமீற்றர் நகந்திரும், படத்துல அவ்வளவும் இழுபட்டுத் தெரியும். 1/500-ல 2 மில்லிமீற்றர்தான். அதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, ரோபோ கிறுகிற மூலையில போய் இருந்து எடுக்கிறது, கிறுகேக்க எப்பிடியும் வேகம் குறைக்கும். மத்தது கமராவ ரோபோவோட சேத்து ஒரே சீரா ஆட்டிக்கொண்டு போய் எடுக்கிறது, ரோபோ தெளிவா இருக்கும், பின்னுக்கு இருக்கிறது இழுபடும், வேகமா ஓடுதெண்டு பாக்கிற ஆளுக்கும் விளங்கும். இதுக்குப் பழக்கம் வேணும். சனிக்கிழமைப் பின்னேரம் புள்ளயளக் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தடிக்குப் போனம், 1924-ல கட்டின பழைய லேடி மேனிங் பாலமும் பக்கத்துல 2013-ல திறந்த புதுப் பாலமும் இருக்கிற இடம், சைக்கிள்ல போற ஆக்கள் வந்துகொண்டே இருப்பாங்க. நானா சொன்னதுக்காகக் கடல் பக்கம் போகாம வாவிப் பக்கமா நிண்டம். அந்த வெளிச்சத்துல எஃப் 11, ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்குக் கமராட உணர்திறன்) 100, 1/100-ல சைக்கிளப் பின் தொடந்து எடுத்துப் பழகினாங்க. இடுப்புல இருந்து கிறுகோணும், கையால கமராவ ஆட்டக் கூடாது, அமத்தின பிறகும் நிப்பாட்டாமக் கொஞ்சத் தூரம் தொடந்து போகோணும், இவ்வளவுதான் விசயம். சைக்கிள்ல போன ஒரு ஐயா நிண்டு "என்னகா புள்ள, பேப்பர்க்காரரா நீங்க" எண்டு தங்கச்சியக் கேட்டார், படத்தக் காட்டினா, சக்கரக் கம்பி சுத்துறது தெரியுது, ஐயா தெளிவா நிக்கிறார், அவருக்கு நல்ல சந்தோசம்.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன், ரோபோக்குப் படம் எடுக்கிற எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டியது. எங்கட ரோபோ கோட்டுல ஓடுற வகை, கீழ அஞ்சு டி.சி.ஆர்.டி 5000 சென்சர் இருக்கு. அது ஒவ்வொண்டுக்குள்ளயும் 950 நானோமீற்றர் அளவுல அகச்சிவப்பு (ஐ.ஆர்) வெளிச்சம் விடுற எல்.இ.டி ஒண்டு, திரும்பி வாற வெளிச்சத்தப் பிடிக்கிற டிரான்சிஸ்டர் ஒண்டு. வெள்ளையில கூடத் திரும்பி வரும், கறுப்புல குறைய வரும், அத வெச்சுத்தான் கோடு எங்க எண்டு ரோபோ பாக்குது. இப்ப கமரா ஃப்ளாஷ் இருக்குதானே, அந்த செனன் குழாய்ல இருந்து கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் மட்டுமில்ல, அகச்சிவப்பும் நல்லாக் கொட்டும். கனக்கப் போட்டிகள்ல ஃப்ளாஷ் அடிக்க வேணாம் எண்டு சொல்றது இதாலதான். புள்ளயளுக்கு வாயால சொன்னா மறந்திருவாங்க எண்டு செய்து காட்டினம். ரோபோவக் கறுப்புக் கோட்டுக்கு மேல வெச்சு, ரோபோட மூளையான ஆர்டுயினோ போர்ட லப்டொப்புக்குக் குடுத்து, சென்சர் சொல்ற இலக்கத்தக் காட்டுற சீரியல் மொனிட்டர்ல வாசிப்பப் பாத்துக்கொண்டு இருந்தம். எங்கட வயரிங்ல கறுப்புக்கு மேல 800-க்கு மேலயும் வெள்ளைக்கு மேல 100-க்குக் கிட்டயும் வரும். கமராவப் பக்கத்துல வெச்சு ஃப்ளாஷ் அடிச்சா கறுப்புல நிக்கிற சென்சர் ஒரு கணம் வெள்ளை எண்டு சொல்லுது, விழுந்து மறுகா ஏறுது. ஓடுற நேரத்துல அந்த ஒரு கணம் காணும், கோட்டத் தவற விட்டிட்டன் எண்டு நினைச்சு ரோபோ தேடத் தொடங்கிரும், சந்தி எண்ணுற புரோகிராம் எண்டா கணக்குப் பிழைக்கும்.

அதோட இன்னொண்டு. ஃப்ளாஷ் வேணாம் எண்டு நினைச்சாலும், இருட்டுல ஃபோகஸ் பிடிக்க 1300டி தன்ட ஃப்ளாஷாலயே படபடவெண்டு கொஞ்சம் அடிச்சுப் பாக்கும். ஒரு தரம் அடிக்கிற ஃப்ளாஷ விட இது நீளம். கஸ்டம் ஃபங்சனுக்குள்ள ஏ.எஃப் அசிஸ்ட் எண்டு இருக்கிறத ஓஃப் பண்ணோணும். போட்டிக்குப் போற எல்லாரும் தங்கட கமராவுல இதப் பாருங்க, ஏனெண்டா உங்கட ரோபோவ மட்டுமில்ல, பக்கத்துல ஓடுற மற்றப் புள்ளயள்ட ரோபோவையும் அது குழப்பும்.

இதே அகச்சிவப்பு எங்களுக்கு உதவியும் செஞ்சது. போன் கமராவால சென்சர எட்டிப் பாத்தா அந்த எல்.இ.டி ஊதா நிறமா மினுங்கிறது தெரியும், கண்ணால பாத்தா ஒண்டும் தெரியாது. பின் கமராவுல ஃபில்டர் கடுமையா இருந்தா தெரியாம விடும், செல்ஃபிக் கமராவால பாருங்க. ஒரு நாள் ரோபோ இடது பக்கம் மட்டும் கோட்டப் பிடிக்காம ஓடுது, புரோகிராம் எழுதுற புள்ளயள் புரோகிராமுக்குள்ள தலைய விட்டுத் தேடுறாங்க, தம்பி பேசாம வந்து போனக் கீழ பிடிச்சான். நாலு ஊதாப் புள்ளி, அஞ்சாவது இருட்டு. படத்தையும் எடுத்து அவங்களுக்கு முன்னால வெச்சான். சோல்டர் விட்டிருந்தது, ஒட்டினதும் சரி.

சரி, ஃப்ளாஷ் இல்ல, டியூப் லைட் மினுங்குது, அப்ப வெளிச்சத்துக்கு என்ன செய்ற. யன்னலத் திறந்து வெயில விட்டா அதுலயும் அகச்சிவப்பு நிறையக் கிடக்கு, சென்சர் குழம்புது. மஞ்சள் குண்டு பல்ப் எண்டா இன்னும் மோசம், அதுல வாறது கூடவும் சூடும் அகச்சிவப்பும்தான். வெள்ளை எல்.இ.டி மட்டும் இந்த விசயத்துல நல்லது, அதுட வெளிச்சம் கிட்டத்தட்ட முழுக்கக் கண்ணுக்குத் தெரியிற பகுதியிலதான், சென்சர் பாக்கிற பக்கம் வாறது மிச்சம் குறைவு. பற்றரியில நேரடியாக் குடுத்தா மினுங்கவும் மினுங்காது. அதால 12 வோல்ட் எல்.இ.டி பட்டி, மீற்றருக்கு 60 எல்.இ.டி இருக்கிற வகை, ரெண்டு மீற்றர் வாங்கி நாலு அரை மீற்றர் துண்டா வெட்டினம் (மூண்டு எல்.இ.டி-க்கு ஒருக்கா வெட்டுற கோடு போட்டிருக்கும், அதுல மட்டும் வெட்டோணும்), ஜன்னலுக்குப் போடுற அலுமினியச் சட்டத் துண்டுல ஒட்டி, ஓட்டப் பாதைக்கு ரெண்டு பக்கமும் உயரத்துல கட்டினம். யு.பி.எஸ்-ல போடுற 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பற்றரி. இந்தப் பட்டி மீற்றருக்கு 14 வாட் கிட்ட எடுக்கும், அப்ப ரெண்டு மீற்றருக்கு 2.4 ஆம்பியர், ரெண்டு மணித்தியாலம் தாராளமா நிக்கும். ஃபியூஸ் ஒண்டு கட்டாயம் போடுங்க, ஈய அமிலப் பற்றரி சோர்ட் ஆனா வயர் எரியும். வெளிச்சத்தக் குறைக்கிற டிம்மர் போட வேணாம், அது அணைச்சு அணைச்சுக் குறைக்கிறதால திரும்ப மினுங்கல் வந்திரும், குறைக்கோணும் எண்டா டிசு பேப்பரால மூடுங்க. டியூப் லைட்ட அணைச்சுப் போட்டு இந்த வெளிச்சத்துல எஃப் 2.2, ஐ.எஸ்.ஓ 1600, 1/500-ல தம்பி எடுத்த படங்கள் எல்லாம் ஒரே வெளிச்சம், ஒரே நிறம்.

இந்த லைட் இருந்ததாலதான் ஸ்லோமோவும் சரிவந்தது. டியூப் லைட்டுக்குக் கீழ 240 ஃப்ரேம்ல எடுத்தா வீடியோ முழுக்கத் துடிக்கும். ரோபோ நேர ஓடச் சொன்னாலும் ஒரு பக்கம் இழுக்குது எண்டு கனநாளாக் கதை. ரெண்டு சக்கரத்திலயும் டிபெக்ஸால ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சு, ரோபோவக் கட்டைக்கு மேல தூக்கி வெச்சு ரெண்டு மோட்டருக்கும் ஒரே அளவு பவர் குடுத்து எடுத்தம். பிறகு லப்டொப்ல ஒவ்வொரு ஃப்ரேமாத் தள்ளி எண்ணுறது, புள்ளி மேல இருந்து வெளிக்கிட்டுத் திரும்ப மேல வர எத்தின ஃப்ரேம். இடது 24, வலது 26. 240-ஐ 24-ஆல பிரிச்சா செக்கனுக்கு 10 சுத்து, நிமிசத்துக்கு 600. வலது 240 பிரி 26, 9.23 சுத்து, நிமிசத்துக்கு 554. ஒரே பெட்டியில வந்த ஒரே மாதிரி மோட்டர், இவ்வளவு வித்தியாசம். தங்கச்சிதான் இந்தக் கணக்கப் போர்ட்ல போட்டுக் காட்டினா, புரோகிராம் புள்ளயள் இடது மோட்டர்ட பி.டபிள்யூ.எம்-ஐ (மோட்டருக்குப் போற பவர் அளவு) குறைச்சு திரும்ப எடுத்துப் பாத்து ரெண்டையும் கிட்டக் கொண்டு வந்தாங்க. 1878-ல மைபிரிட்ஜ் எண்ட ஆள் 12 கமராவ வரிசையா வெச்சு ஓடுற குதிரைட நாலு காலும் ஒரே நேரம் நிலத்த விட்டு எழும்புது எண்டு காட்டினத சேர் அண்டைக்குச் சொன்னார். கண்ணால பிடிக்க ஏலாதத அளக்கிறதுக்குப் படம், புள்ளயள்ட மண்டையில அது அண்டைக்குத்தான் நல்லா ஏறினது.

இடையில ஒரு விசயம், நம்மட ஊர்ல கமரா வெச்சிருக்கிற எல்லாருக்கும். கடலும் வாவியும் ரெண்டு பக்கமும், மாரியில சுவரே வேர்க்கும், லென்சுக்குள்ள ஃபங்கஸ் பிடிச்சா வெள்ளை நூல் மாதிரிப் படந்திரும். கமராப் பேக்குக்குள்ள வெச்சு அலுமாரியில பூட்டுறது கூடாது. இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்டு, சின்ன ஈரப்பதமானி ஒண்டு, சிலிக்கா ஜெல். 40-க்கும் 50-க்கும் இடையில முள்ளு நிண்டா நல்லம், 60 தாண்டினா கவனம். நீல நிற ஜெல் ஈரத்தக் குடிச்சா ரோஸ் ஆகும், சூடாக்கினா திரும்ப நீலம் வரும், அதுல கோபால்ட் இருக்கிறதால சமைக்கிற சட்டியில போட வேணாம், வேற தகரம் ஒண்டு வைங்க. வெளிய போய் வந்தா உப்புக் காத்துப் பட்டிருக்கும், மெல்லிய துணியக் கொஞ்சூண்டு நனைச்சுப் பிழிஞ்சு உடம்பத் துடைச்சுப் பிறகுதான் டப்பாவுக்குள்ள வைக்கிறது.

ஆக்களப் படம் எடுக்கிறதுக்கு முன்னம் சேர் எல்லா வீட்டுக்கும் கடிதம் குடுத்து விட்டார். பொம்புளப் புள்ளயள்ட படம் பேஸ்புக்ல போறதப் பத்தி வீட்டுக்காரருக்குப் பயம் இருக்கு, அது நியாயமான பயம், அத மதிக்காட்டி அடுத்த முறை புள்ளய அனுப்ப மாட்டாங்க. முகம் தெரியிற படம் டீமுக்குள்ள மட்டும், வெளிய போடுறது கை, கருவி, ரோபோ, முதுகுப் பக்கம். இத ஒரு குறையா நினைக்க வேணாம். சோல்டர் பண்ணுற கைய மட்டும் கிட்ட வெச்சு எடுத்த படங்கள் எங்கட எல்லாப் படத்திலயும் நல்லது எண்டு நான் சொல்லுவன், விரல்ல ஃப்ளக்ஸ் கறை, நகத்துல மார்க்கர் மை, ஈயம் உருகி மினுங்கிற அந்தச் சின்னப் புள்ளி. சோல்டர் பண்ணேக்க கண்ணாடி போடாட்டி படம் எடுக்கிறல்ல எண்டும் ஒரு சட்டம், அதால கண்ணாடி போடாத ஆக்களும் போடத் தொடங்கினாங்க.

போட்டி கொழும்புப் பக்கம். மீனகயா இரவு ரயில்ல வெளிக்கிட்டம், சோத்துப் பார்சல், ரோபோவுக்கு ரெஜிபோம் வெட்டி வெச்ச பெட்டி, லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரிய செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கித் தனிப் பையில. ரயில்ல நித்திரை கொள்ளாம புள்ளயள் புரோகிராம் பாத்துக்கொண்டு இருந்தத தங்கச்சி எடுத்தா, ஐ.எஸ்.ஓ 6400, புள்ளி புள்ளியா இருக்கு, பரவாயில்ல, லப்டொப் வெளிச்சம் நாலு முகத்திலயும் விழுது, அந்தப் படம் எங்களுக்குப் பெறுமதி.

விடிய மண்டபத்துக்குள்ள பெட்டியத் திறந்தா மோட்டர் டிரைவருக்குப் போற நாலு வயரும் கழண்டு கிடக்கு, ரயில் குலுக்கல்ல ஜம்பர் வயர் இழுபட்டிருக்கோணும். வயர் பண்ணின பொடியன் காய்ச்சலால வரல. ஓட்டத்துக்குக் கூப்பிடப் போறாங்க. தம்பி போன எடுத்து வயரிங் படத்தத் திறந்தான், வலது பக்கத்துல இருந்து சாய்வா எடுத்தது, பெரிசாக்கிக்கொண்டு போனா எல்298என் மோட்டர் டிரைவர் போர்ட்ல பேர் எழுதியிருக்கிறது வரைக்கும் தெரியுது. "இன் 1 மஞ்சள், இன் 2 பச்சை, இன் 3 நீலம், இன் 4 வெள்ளை" எண்டு அவன் வாசிக்க வாசிக்க கப்டன் பூட்டினான். எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் கூட இல்ல. சுவிட்சப் போட்டதும் சக்கரம் ரெண்டும் முன்னுக்குச் சுத்தினது. அண்டைக்கு வரைக்கும் படம் எடுக்கிற வேலைய விளையாட்டா நினைச்ச ஆக்களும் அந்த இடத்துல நிண்டவங்கதான்.

மண்டபத்துக்குள்ள எடுக்கிறதுக்கு நாங்க வெச்சுக்கொண்டது கொஞ்சம்தான். ஓட்டப் பாதைட விளிம்புக்கு வெளிய முழங்கால்ல இருந்து ரோபோட உயரத்துக்கு இறங்கி எடுக்கிறது, நிண்டுகொண்டு மேல இருந்து எடுத்தா ரோபோ பூச்சி மாதிரித்தான் தெரியும். நம்மட நிழல் பாதையில விழாத பக்கம் பாத்து இருக்கிறது. மற்ற டீம்ட ரோபோவ எடுக்க முதல் அவங்களக் கேக்கிறது, கிட்டப் போய் அடிப்பக்கத்த எடுக்கிறல்ல. போனால ஓட்டம் முழுக்க எடுக்கிறதுக்கு ஒராளும், கமராவால ஆக்கள்ட முகம் எடுக்க ஒராளும் எண்டு பிரிஞ்சு நிண்டாங்க. ரோபோ எல்லாரும் பாக்கிற பக்கம், முகம் ஒருத்தரும் பாக்காத பக்கம், அதால அதுக்கு ஒராள் கட்டாயம் வேணும்.

முதல் சுத்துத் தாண்டினம். ரெண்டாம் சுத்துல கடைசிக்கு முதல் மூலையில ரோபோ கோட்ட விட்டு வெளிய போயிட்டு. தங்கச்சி அந்த நேரம் ரோபோவ எடுக்கல, கப்டன எடுத்தா. வாய் திறந்து ஒண்டும் சொல்லல, கையில ஸ்டொப்வொச், பெருவிரல் பட்டனுக்கு மேல, அமத்தாம அப்பிடியே நிக்குது, நேரம் ஓடிக்கொண்டு இருக்கு. பின்னுக்கு மங்கலா சேர் ஒரு அடி முன்னுக்கு வெச்சு அவன்ட தோளத் தொடப் போறார். 50 எம்.எம் லென்ஸ், எஃப் 2, 1/100. அவ அத ஒருத்தருக்கும் காட்டாம வெச்சிருந்து ரயில்ல வரேக்க முதல்ல அவனுக்குத்தான் காட்டினா, அழிக்கவா எண்டு கேட்டா. அவன் கொஞ்ச நேரம் பாத்திட்டு "இது கொப்பியில இருக்கோணும்" எண்டான்.

கொப்பி எண்டது சி.ஆர் கொப்பி, தடிச்ச மட்டை போட்ட கொப்பி, அதுலதான் படங்கள ஒட்டி வைக்கிறது. வெளிநாட்டுல ஃபெர்ஸ்ட் டெக் சலஞ்ச் எண்ட போட்டியில டீம் நடுவர்மாருக்குக் குடுக்கிற போர்ட்ஃபோலியோவுக்கு அட்டையோட சேர்க்காம 15 பக்கம்தான் எண்டு கட்டுப்பாடு இருந்தது, அதப் பாத்து நாங்களும் 15 படம் எண்டு வெச்சம், ஆயிரக்கணக்குல கிடக்கிறதுக்குள்ள 15-ஐத் தெரிவு செய்றது சண்டையில்லாம நடக்கல. கப் இல்லாததால கப் படம் இல்ல, அதால தெரிவு நேர்மையா இருந்தது எண்டு எனக்கு எண்ணம். உடைஞ்ச பிராக்கட், ஊதாப் புள்ளி நாலு, டிபெக்ஸ் புள்ளி, வயரிங் படம், ரயில், ஸ்டொப்வொச். நானாட ஸ்டூடியோவுல 4ஆர் அளவுல பிரிண்ட் எடுத்து ஒட்டி, கீழ எடுத்த ஆளே தன்ட கையெழுத்துல என்ன நடந்தது எண்டு எழுதினாங்க. தம்பிட எழுத்துப் பிழைய நான் திருத்தல.

படத்த அனுப்பேக்க ஒண்டு கவனியுங்க, வட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கும், எடுத்த திகதி நேரமும் உள்ளுக்குள்ள இருந்து போயிரும், டொக்கியுமன்ட்டா அனுப்புங்க. கமராவுல மணி சரியா இருக்கா எண்டு முதல் நாளே பாருங்க. ஒரு பிரதி கிளப் கணனியில, இன்னொரு பிரதி சேர்ட வீட்டு ஹாட் டிஸ்க்ல, ஃபோல்டர் பேர் வருசம் மாதம் திகதி எண்ட ஒழுங்குல, அப்பத்தான் தானா வரிசையா நிக்கும்.

வாற தவணை மினி சுமோ செய்யப் போறாங்க, ரெண்டு ரோபோ ஒண்ட ஒண்டு வட்டத்துக்கு வெளிய தள்ளுற போட்டி, 77 சென்ரிமீற்றர் வட்டம், ரோபோ 500 கிராமுக்குள்ள. ரெண்டு ரோபோ முட்டுற நேரத்த மேல இருந்து எடுக்கோணும் எண்டு தம்பி இப்பவே பி.வி.சி ஸ்டாண்ட ஒண்டரை மீற்றருக்கு உயத்திப் பாக்கிறான், அந்த உயரத்துல கால் ஆடுது, குறுக்குப் பைப் போட்டு இறுக்கிப் பாக்கிறம். போன்ட சாதாரண லென்ஸால அந்த உயரத்துல முழு வட்டமும் விழுது, அதால வைட் லென்ஸ் தேவையில்ல. எல்.இ.டி பட்டிய வட்டத்துக்கு மேல எப்பிடிக் கட்டினா சுமோட வெள்ளை விளிம்பு கண்ண அடிக்காம இருக்கும் எண்டது இன்னும் சரிவரல, யாராவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்க.